வீட்டு வாத்தின் நோயும் வீட்டாரின் கடமையும்

சங்கக் கணக்குகளைப் பார்வையிடும் பொருட்டு ஊர்தோறும் சென்றுவரும் நமக்கு, தறிக்கூடத்தின் பின்புறத்திலும் களத்து மேட்டின் ஓரத்திலும் இரண்டு மூன்று வாத்துகள் உலவுவது பழகிய காட்சியாகும். ஆரணி என்ற பெயர் பட்டுச் சேலைக்கு மட்டும் உரியதன்று; தமிழ்நாட்டின் வட பகுதியில் வளர்க்கப்படும் நாட்டு வாத்து வகை ஒன்றுக்கும் அப்பெயரே வழங்குகிறது. அறுவடைக்குப் பின் வயல் வயலாக ஓட்டிச் செல்லப்படும் பெருங்கூட்டங்களைப் பற்றி நாம் இங்கு எழுதவில்லை. வீட்டுக் குழந்தைகள் பெயர் வைத்து அழைக்கும் வாத்து, அழைத்தால் ஓடிவரும் வாத்து, முட்டையிட்டால் மகிழ்ச்சி, இடாவிட்டாலும் விற்க மனம் வராத வாத்து என்று சில உண்டு அல்லவா? அவற்றைப் பற்றியே இக்கட்டுரை.

இத்தகைய வாத்துக்கு நோய் கண்டால் நம் அங்கத்தினர் பலர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். பசுவுக்கு நோயென்றால் உடனே கால்நடை மருந்தகத்திற்கு ஓட்டிச் செல்லும் வீட்டார், "ஒரு வாத்துக்காக அரை நாள் கூலியை இழப்பதா?" என்று எண்ணி, தானே தேறட்டும் என விட்டுவிடுகின்றனர். அல்லது, சாகும்முன் பயன்படட்டும் என்று அறுத்துவிடுகின்றனர். முதல் வழியில் பிழைக்கக்கூடிய பறவை இறக்கிறது. இரண்டாம் வழியில் வீட்டாருக்கே தீங்கு நேரக்கூடும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் வாத்தின் நோய்களுள் சிலவற்றை வீட்டிலேயே ஆற்றிவிடலாம். வேறு சில நோய்களை வீட்டில் ஆற்ற முற்படுவதே தவறு. இவ்விரண்டையும் பிரித்தறியும் வகையை உறுப்பினர்களுக்கு எடுத்துரைப்பதே நம் நோக்கம்.

நோயை மறைக்கும் பறவை

வாத்து கூட்டமாக வாழும் பறவை. கூட்டத்தில் தளர்ந்து நிற்பதையே நரியும் பருந்தும் முதலில் குறிவைக்கும். ஆகவே உடல் நலிந்தாலும் இயன்றவரை நலமுள்ளதுபோல் காட்டிக்கொள்வது அதன் பிறவிக் குணம். கண்ணை மூடிக்கொண்டு மூலையில் ஒடுங்கி நிற்கும் வாத்துக்கு நோய் அன்றுதான் வந்தது என்று கருதுவதற்கில்லை. சில நாட்களுக்கு முன்பே தொடங்கியிருத்தல் கூடும்.

அன்றாட இருப்பைச் சரிபாராத சங்கத்தில், குறைவு எந்நாளில் ஏற்பட்டது என்பதை ஆண்டு முடிவில் எவராலும் சொல்ல இயலாது. வாத்தின் நிலையும் அத்தகையதே. காலையில் கூட்டைத் திறந்துவிடும்பொழுது இரண்டு நிமிடம் நின்று பார்த்தல் வேண்டும். நலமுள்ள வாத்து கதவு திறந்ததும் நீரை நோக்கி விரையும். கண்கள் தெளிவாக ஒளிரும். மூக்குத் துளைகளில் சளியிராது. அலகால் வால் அடியிலுள்ள எண்ணெய்ச் சுரப்பியைத் தொட்டு இறகுகளைக் கோதிக்கொள்ளும். நீரில் இறங்கினால் துளிகள் இறகின்மேல் உருண்டோடும். எச்சம் சற்று இளக்கமாக, பழுப்பும் கரும்பச்சையுமாக, வெண்மை கலந்து காணப்படும்.

வாரம் ஒருமுறை பறவையைத் தூக்கிப் பார்த்தலும் நன்று. காலையோ ஒற்றைச் சிறகையோ பற்றித் தூக்குதல் கூடாது. வாத்தின் கால்கள் எளிதில் மூட்டு விலகக்கூடியவை. இரு சிறகுகளையும் உடலோடு சேர்த்து அணைத்து, அடிவயிற்றைக் கையால் தாங்கித் தூக்க வேண்டும். நெஞ்சின் நடுவெலும்பைத் தடவினால் இருபுறமும் சதை நிறைந்திருக்க வேண்டும். கத்தி முனைபோல் எலும்பு துருத்தினால், தீனி தின்னும் பறவையாயினும் உள்ளே நோயோ புழுவோ இருப்பதாகக் கொள்ளலாம். தராசு இருப்பின் எடையை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் இன்னும் சிறப்பு.

நோயல்லாதவை

வீணாக அஞ்ச வேண்டாதவையும் சில உண்டு. ஆண் வாத்தின் குரல் இயல்பிலேயே கம்மியது. உரத்துக் கத்துவது பெட்டையே. இதையறியாது ஆண் வாத்துக்குத் தொண்டை நோய் என்று கசாயம் புகட்டியோரும் உளர். ஆண்டுக்கு ஒரு முறையேனும் வாத்து இறகுகளை உதிர்த்துப் புதுப்பிக்கும். அந்நாட்களில் முட்டை நின்றுவிடும். பறவை சற்று மந்தமாகவும் இருக்கும். கடும் வெயிலில் அலகைத் திறந்து மூச்சு வாங்குவது உடற்சூட்டைத் தணித்துக்கொள்ளும் முறையாகும். அடைகாக்கும் பெட்டை நாளுக்கு ஓரிரு முறையே வெளிவந்து, மிகுதியாகவும் நாற்றத்துடனும் எச்சமிடும். இவற்றுக்கு மருந்து தேவையில்லை.

ஆனால் நிழலில் ஓய்ந்திருக்கும்பொழுதும் அலகு திறந்து மூச்சு வாங்குதல், மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்குதல், நாள் முழுதும் தீனியை நாடாதிருத்தல், எச்சம் தெளிந்த பச்சை நீராகவோ இரத்தம் கலந்தோ போதல், நடை தள்ளாடுதல், தலை ஒருபுறம் சாய்தல், நீரில் இறங்கியதும் இறகு நனைந்து உடல் அமிழ்தல், எப்பொழுதும் கத்தும் பெட்டை வாய்மூடி நிற்றல் ஆகியவற்றுள் எது காணினும் அன்றே கவனித்தல் வேண்டும்.

முதல் நாள் செய்ய வேண்டியவை

நோய் இன்னதெனத் தெரியாத நிலையிலும் செய்யத்தக்கவை மூன்று: பிரித்தல், வெப்பமூட்டல், நீரளித்தல்.

நோயுற்ற பறவையை மற்றவற்றினின்றும் பிரித்து, பஞ்சாரத்திலோ அகன்ற கூடையிலோ வைக்க வேண்டும். அடியில் விரிக்கும் வைக்கோல் உலர்ந்ததாக இருத்தல் அவசியம். பூசணம் பிடித்த வைக்கோலின் தூள் மூச்சோடு உட்சென்று நுரையீரலில் காளானாக வளரும். அந்நோய்க்கு வீட்டில் மருந்தில்லை. தனிமையில் வாத்து ஏங்குமாகையால், தோழமைப் பறவைகளின் குரல் கேட்கும் தொலைவில் கூடை இருப்பது நலம். ஆனால் தீனித்தட்டும் நீர்ப்பாத்திரமும் தனியே இருத்தல் வேண்டும். நலமுள்ள பறவைகளை முதலில் கவனித்துவிட்டு, நோயுற்றதைக் கடைசியில் கவனித்து, கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

வாத்தின் இயல்பான உடற்சூடு மனிதரைவிட மிகுதி. ஏறக்குறைய 41 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். நலிந்த பறவையால் அச்சூட்டைக் காத்துக்கொள்ள இயலாது. மழை, பனி நாட்களில் கூடையின் ஒருபுறம் மட்டும் 40 வாட் மின்விளக்கைப் பாதுகாப்பாகத் தொங்கவிட்டால், பறவை வேண்டியபொழுது அணுகவும் விலகவும் செய்யும். விளக்கு வைக்கோலைத் தொடாதிருத்தல் முக்கியம். நடக்க இயலாத வாத்தை "நீரில் விட்டால் தெளியும்" என்று குளத்தில் விடுதல் ஆகாது. நனைந்து குளிர்ந்தோ மூழ்கியோ இறந்துவிடும்.

குடிநீர் எந்நேரமும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கழிச்சல் கண்ட வாத்துக்கு, மருந்துக் கடைகளில் விற்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை அதில் குறித்த அளவு நீரில் கரைத்துச் சில மணி நேரம் வைத்து, பின் வெறும் நீர் வைக்கலாம். மிகுதியான உப்பு வாத்துக்கு நஞ்சாகும். ஆகவே அளவு பிறழலாகாது. நாவின் அடியிலேயே மூச்சுக்குழலின் வாய் இருப்பதால், அலகைப் பிளந்து நீரையோ கசாயத்தையோ ஊற்றுவது பறவையைக் கொல்லும் செயலாக முடியலாம். அலகின் பக்கவாட்டில் துளித்துளியாக விட்டால் தானே விழுங்கும். தீனியாகக் குழைந்த சோறும் நறுக்கிய கீரையும் நீர் கலந்து தரலாம்; உலர்ந்த மாவு தொண்டையில் அடைக்கும்.

வீட்டிலேயே ஆற்றத்தக்கவை

உள்ளங்கால் வீக்கம் வீட்டு வாத்துகளிடம் அடிக்கடி காண்பது. சொரசொரப்பான சிமெண்டுத் தரையிலும் கூர்ங்கற்களிலும் நடப்பதால் பாதத்தில் சிறு கீறல் ஏற்பட்டு, அதன்வழி கிருமி புகுந்து வீங்கும். நடுவில் கறுத்த பொருக்கு காணப்படும். நாள்தோறும் வெதுவெதுப்பான உப்பு நீரில் 10 அல்லது 15 நிமிடம் பாதத்தை ஊறவைத்து, துடைத்து, அயோடின் மருந்திட்டு, மெல்லிய துணியால் கட்ட வேண்டும். தரையில் மணலோ வைக்கோலோ பரப்புவதும் சிகிச்சையின் பகுதியே. வீக்கம் பெருத்தாலோ, சுட்டாலோ, ஒரு வாரத்தில் குறையாவிட்டாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதைக் கத்தியால் கீறுதல் நம் வேலையன்று.

கண்ணில் நுரையோ பீளையோ கட்டினால், முதலில் நீர்ப்பாத்திரத்தைப் பாருங்கள். வாத்து தன் தலையை முழுதும் அமிழ்த்திக் கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொள்ளும் பறவை. 12 முதல் 15 சென்டிமீட்டர் ஆழமேனும் இல்லாத தட்டில் அது இயலாது. ஆழமான பாத்திரம் வைத்து, காய்ச்சி ஆறிய நீரில் சிறிது உப்பிட்டுக் கண்ணைத் துடைத்துவர, எளிய கண்ணோய் சில நாட்களில் தணியும். இரு கண்களும் ஒட்டிக்கொண்டு, மூக்கிலும் ஒழுகினால் அது வேறு நோய்.

முட்டை தடைப்பட்ட பெட்டை உடலை நிமிர்த்தி நின்று, வாலை அசைத்து முக்கும், தீனி தின்னாது. அகன்ற பாத்திரத்தில் வெதுவெதுப்பான நீர் நிரப்பி அடிவயிறு அமிழ 20 நிமிடம் வைத்து, பின் துடைத்து, இருண்ட அமைதியான இடத்தில் விட்டால் பலவேளை முட்டை வெளிவரும். வயிற்றை அழுத்துதல் கூடாது. உள்ளே முட்டை உடைந்தால் உயிருக்கே ஆபத்து. சில மணி நேரத்தில் பயனில்லையெனில் காத்திராமல் மருத்துவரை நாடுக. முட்டையிடும் வாத்துக்குக் கிளிஞ்சல் தூளைத் தனித்தட்டில் எப்பொழுதும் வைத்திருந்தால் இத்துன்பம் குறையும்.

குஞ்சுகளின் கால் வளைந்து, நடக்க மாட்டாமல் முழந்தாளில் அமர்ந்தால், அது பெரும்பாலும் நியாசின் என்னும் உயிர்ச்சத்துக் குறைவால் நேர்வது. வாத்துக் குஞ்சுக்கு ஒரு கிலோ தீனியில் சுமார் 55 மில்லிகிராம் நியாசின் வேண்டும். கோழிக் குஞ்சுக்கு அவ்வளவு தேவையில்லை. ஆகவே கோழிக் குஞ்சுத் தீனியை மட்டும் தின்னும் வாத்துக் குஞ்சு முடமாவதுண்டு. தீனியில் ஈஸ்ட் பொடியைக் கலந்து தருவது நல்ல பரிகாரம். தொடக்கத்தில் கொடுத்தால் கால் நேராகும். எலும்பு முற்றியபின் கொடுத்துப் பயனில்லை.

தறியாலும் வயலாலும் வரும் இடர்

நம் அங்கத்தினர் வீட்டு வாத்துகளுக்கு அவர்களது தொழிலாலேயே நேரும் துன்பங்கள் சில உண்டு. தறியடியில் கிடக்கும் கழிவு நூல் வாத்தின் விரலிலும் கணுக்காலிலும் சுற்றிக்கொள்ளும். நனைந்து இறுகியபின் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் பாதம் வீங்கிக் கறுக்கும். நொண்டும் வாத்தின் காலைக் கழுவி, வெளிச்சத்தில் நூலுண்டா என்று பார்த்தலே முதல் வேலை. நூலைச் சிறு கத்தரியால் வெட்டி எடுத்து, காயத்தில் மஞ்சள் பூசலாம். நூல் தொண்டைக்குள் சென்று வெளியே சிறிது தொங்கினால் இழுக்கலாகாது, குடல் அறுபடும். ஆணி, கம்பித் துண்டு, ஈயம், துத்தநாகம் பூசிய தகட்டுத் துணுக்கு ஆகியவற்றையும் வாத்து சிறு கல்லென்று விழுங்கும். பின்னர்ப் பச்சைக் கழிச்சலும் கால் தளர்ச்சியும் வலிப்பும் காணும். இதற்கு மருத்துவரிடமே பரிகாரம் உண்டு. சாயத் தண்ணீரும் சலவைத்தூள் கரைத்த நீரும் தேங்கும் குழியை வேலியிட்டு அடைத்தல் இன்றியமையாதது.

உழவர் வீட்டில் பூச்சிமருந்து தெளித்த வயலும், மருந்து தடவிய விதையும் ஆபத்தானவை. தெளித்த வயலுக்கு வாத்தை விடாதிருத்தலே வழி.

கடலைப் புண்ணாக்கைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1960-இல் இங்கிலாந்தில் 1,00,000-க்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் புலப்படாமல் மடிந்தன. வாத்துக் குஞ்சுகளும் மடிந்தன. ஆராய்ந்தபொழுது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூசணம் பிடித்து உண்டான நச்சே காரணமென வெளிப்பட்டது. அதற்கு அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டனர். இந்நச்சு கல்லீரலை அழிக்கும். வாத்துக் குஞ்சுகள் அதற்கு எளிதில் இரையாகும். பூசணம் பிடித்த புண்ணாக்கை வெயிலில் காயவைத்தாலும், வேகவைத்தாலும் நச்சு நீங்காது. "மனிதர் உண்ண ஆகாதது, வாத்துக்கு ஆகும்" என்று எண்ணிப் போடும் கெட்ட கடலையும் மக்காச்சோளமுமே அதற்கு எமனாகின்றன.

கோடையில் குட்டை வற்றும்பொழுது மற்றொரு கேடு வரும். செத்த மீனும் அழுகிய தழையும் கிடக்கும் சேற்றில் ஒருவகைக் கிருமி நச்சை உண்டாக்கும். பிணத்தில் நெளியும் புழுக்களிலும் அந்நச்சு சேர்ந்திருக்கும். அவற்றைத் தின்ற வாத்துக்கு முதலில் கால் சோரும். பிறகு சிறகு தொங்கும். கடைசியில் கழுத்தே நிற்காமல் தரையில் விழும். பூச்சிமருந்தின் நஞ்சும் இதையொத்த தோற்றம் தருமாகையால் மருத்துவரை அழைப்பது நன்று. அதுவரை நிழலில் வைத்து, தலை நீரில் அமிழாதபடி தாங்கி, நல்ல நீர் கொடுத்துவர, நச்சு குறைவாக ஏறிய பறவைகள் சில நாட்களில் எழுவதுண்டு. எஞ்சிய வாத்துகளை அக்குட்டைக்கு விடாமல், செத்தவற்றை அகற்றிப் புதைத்தல் வேண்டும்.

வீட்டு வைத்தியத்துக்கு அப்பாற்பட்டவை

ஒன்றிரண்டு நாட்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறவைகள் சாயுமானால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட வேண்டும். வாத்துப் பிளேக் என்பது வைரசினால் வரும் கொள்ளை நோய். 1923-இல் நெதர்லாந்திலும், 1963-இல் இந்தியாவில் மேற்கு வங்கத்திலும் இந்நோய் அறியப்பட்டது. வெளிச்சத்தைக் கண்டு கண் கூசுதல், மிகுந்த தாகம், மூக்கொழுகல், இரத்தக் கழிச்சல், சிறகை விரித்துத் தலை தாழ்த்திக் கிடத்தல் ஆகியன குறிகள். வந்தபின் மருந்தில்லை, வருமுன் தடுப்பூசி உண்டு. வாத்துக் காலரா நுண்ணுயிரால் வருவது. அதற்கு மருந்து உண்டெனினும், மருந்தையும் அளவையும் மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும்.

பறவைக் காய்ச்சலைப் பற்றி அனைவரும் அறிவர். இந்தியாவில் 2006-இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் முதலில் கோழிகளிடம் கண்டறியப்பட்டது. 2014-இல் கேரளத்தின் ஆலப்புழைப் பகுதியில் வாத்துக் கூட்டங்களைத் தாக்கியது. 2024-இலும் அங்கு தோன்றியது. இந்நோயில் வாத்துக்குரிய தனி ஆபத்து யாதெனில், சிலவேளை தான் நோயுறாமலே கிருமியைச் சுமந்து கோழிகளுக்குப் பரப்பக்கூடும். மனிதருக்கும் அரிதாகத் தொற்றும். ஆகவேதான் நோயுற்ற வாத்தை அறுப்பதும், இறகு பறிப்பதும், அண்டை வீட்டாருக்கு மலிவாக விற்பதும் தகாதென்று சொல்கிறோம். ஒரு பறவையின் விலையை மீட்கப் போய், வீட்டாரின் உடல்நலத்தையும் ஊராரின் பறவைகளையும் பணயம் வைப்பது நியாயமாகாது. இத்தகைய தொற்றுநோய் ஐயம் தோன்றினால் தெரிவிக்க வேண்டியது உரிமையாளரின் பொறுப்பென்று 2009-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் கூறுகிறது. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திற்குச் சொல்லலாம். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் கூறினாலும் உதவி கிடைக்கும். இறந்த பறவையை வெறுங்கையால் தொடாமல், அதிகாரிகள் கூறும்வரை பிற உயிர்கள் அணுகாதபடி மூடி வைத்து, பின் கிணற்றுக்கும் குளத்துக்கும் எட்டத்தில் ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும்.

இன்னும் ஒரு சொல். மனிதருக்கு வாங்கி மீந்த மாத்திரைகளை வாத்துக்குத் தருதல் ஆகாது. கோழிக்கென மருந்து கலந்து விற்கும் தீனியையும் கேட்டறியாமல் போடலாகாது. மருத்துவர் மருந்து கொடுத்திருப்பின், எத்தனை நாள் வரை அதன் முட்டையை உண்ணக்கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்க. காயத்துக்கு எண்ணெய் பூசும்பொழுது இறகில் படியாமல் பார்த்துக்கொள்க. எண்ணெய் படிந்த இறகு நீரைத் தடுக்காது.

சங்கம் செய்யக்கூடியது

வாத்துப் பிளேக் தடுப்பூசியை 8 முதல் 12 வார வயதில் போடுவது வழக்கம். ஆனால் தடுப்பு மருந்து, பல பறவைகளுக்குப் போதுமான அளவுள்ள குப்பியில்தான் வருகிறது. குளிரில் காக்கப்படும் அம்மருந்தைக் கரைத்தபின் சிறிது நேரத்துக்குள் முழுதும் பயன்படுத்தியாக வேண்டும். இரண்டு வாத்து வளர்ப்பவர் தனியே சென்று கேட்டால், ஒரு குப்பியை உடைக்க எவரும் தயங்குவர். அவர்மேல் பிழையில்லை, கொடுப்பவர் மேலும் பிழையில்லை. இங்குதான் கூட்டுறவு பயன்படும். சங்க அலுவலகத்தில் ஒரு தாளைத் தொங்கவிட்டு, யார் வீட்டில் எத்தனை வாத்து, என்ன வயது என்று எழுதச் செய்தால், 30 வீடுகளின் வாத்துகள் ஒரே பட்டியலில் அடங்கிவிடும். அப்பட்டியலுடன் செயலாளர் கால்நடை மருந்தகத்தை அணுகி ஒரு நாளைக் குறித்துக்கொண்டால், ஒரு காலைப் பொழுதில் ஊசி போட்டு முடிக்கலாம். இதற்குச் சங்க நிதியிலிருந்து செலவு ஏதும் வேண்டுவதில்லை. ஒரு தாளும், எழுதுவோரும் இருந்தால் போதும்.

நூல் வாங்கவும் விதை வாங்கவும் ஒன்றுகூடிய நாம், வீட்டு முற்றத்து உயிர்களைக் காக்கவும் ஒன்றுகூடலாம். அடுத்த மாதக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு நிர்வாகக் குழுவினரை வேண்டுகிறோம். அதுவரை, நாளைக் காலையில் கூட்டைத் திறக்கும்பொழுது ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் நின்று பார்ப்பீர்களாக.